தேக்குப் பலகை வாங்கும் முன்

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி, டாக்சியின் பின்சீட்டை அடைத்துக்கொண்டு ஒரு மரக் கேமராவை யாங்கோனில் என் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார். 14×17 அங்குல ஃபிலிமுக்குத் தானே செய்தது. முழுக்கப் பர்மா தேக்கு. மூலைப் பொருத்துகளில் நகம் நுழைய இடமில்லை. ஆனால் எடுத்த முகங்கள் எல்லாம் மங்கல். “லென்ஸ் கெட்டுப்போச்சா, அண்ணே?” என்றார்.

லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. பிம்பத்தைப் பார்த்துக் கூர்மையாக்கும் ஃபோகஸ் கண்ணாடி இருந்த தளத்துக்கும், ஃபிலிமை வெளிச்சம் படாமல் வைக்கும் ஹோல்டருக்குள் ஃபிலிம் இருந்த தளத்துக்கும் ஒரு நூல் வித்தியாசம். அதாவது 3 மில்லிமீட்டர். லென்ஸின் துவாரத்தை எஃப் 45க்குச் சுருக்கினால் இந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் துவாரம் சிறுத்தால் படம் பதிய அதிக நேரம் ஆகும், அத்தனை நேரம் எந்த முகம் அசையாமல் இருக்கும்? துவாரத்தைப் பெரிதாக்கி எஃப் 9இல் எடுத்தால் கண்ணில் இருக்கவேண்டிய கூர்மை மூக்குப் பக்கம் முன்னால் வந்துவிடுகிறது.

இதனால்தான் கேமரா செய்வது எப்படி என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்: பெட்டியைக் கடைசியில் செய்யுங்கள். முதலில் ஹோல்டர். ஒரே மாதிரியில் குறைந்தது இரண்டு வாங்குங்கள். ஃபிலிமைப் போட்டு, நான்கு மூலையிலும் நடுவிலும் ஆழத்தை அளந்து எழுதிவையுங்கள். அந்த அளவை வைத்துக் கேமராவின் பின்புறத்தைச் செய்யுங்கள். கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கவேண்டும். திருப்பிப் போட்டால் கண்ணாடியின் கனமே பிழையாகிவிடும். தம்பியின் கேமராவில் கண்ணாடிக்கு அடியில் அட்டைத் துண்டுகளை வைத்துப் பின்னுக்குத் தள்ளினோம். ஒரு மாலை நேர வேலை.

அடுத்தது லென்ஸ். 14×17இன் மூலைவிட்டம் ஏறக்குறைய 56 சென்டிமீட்டர், லென்ஸிலிருந்து விழும் ஒளிவட்டம் அதை மூடவேண்டும். பழைய ஆப்செட் அச்சகங்களின் லென்ஸ்கள் இதற்கு உதவும். ஆனால் பொருளை அதே அளவில் எடுக்கும்போது விழும் வட்டத்தில் பாதிதான் தூரக் காட்சிக்குக் கிடைக்கும். 600 மில்லிமீட்டர் லென்ஸுக்கு, லென்ஸையும் பின்புறத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியை 900 வரை இழுத்தால் ஒளி இரண்டேகால் மடங்கு வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நெகட்டிவைத் தாளோடு அழுத்திவைத்து அச்சிட்டால், படத்தின் அளவு நெகட்டிவின் அளவேதான். பெரிய படத்துக்குப் பெரிய நெகட்டிவ் வேண்டும். 1855இல் ஆவா என்ற பர்மிய அரசவைக்குச் சென்ற பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு பர்மா வந்த புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், ஏறக்குறைய 10×14 அங்குலக் காகித நெகட்டிவ்களில் இருநூறுக்கு மேல் எடுத்தார். பிறகு மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களையும் இதே முறையில்தான் எடுத்தார்.

உங்கள் உடல்நலத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். தேக்குத் தூள் தோலில் அரிப்பும் சிலருக்கு மூச்சிரைப்பும் தரும். உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம். ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் பைரோ டெவலப்பர் தோல் வழியாகவே உள்ளே போகும் விஷம், கையுறையில்லாமல் தொடவே கூடாது. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் கரைசலில், பயன்படுத்தியபின் வெள்ளி கலந்திருக்கும், கிணற்றடியில் கொட்டாதீர்கள். தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது.

எக்ஸ்ரே ஃபிலிம் மலிவு, சிவப்பு விளக்கில் கையாளலாம். ஆனால் இரண்டு பக்கமும் பூச்சு உள்ளதால் நகம் பட்டாலே கீறும். அதைப் போடும் முன் கேமராவைச் சோதியுங்கள். இருட்டறையில் துருத்திக்குள் விளக்கை வைத்து வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். பிறகு ஹோல்டரில் புகைப்படத் தாளைப் போட்டுக் கேமராவில் மாட்டி, ஹோல்டரின் தடுப்புத் தகட்டை இழுத்துவிட்டு, லென்ஸ் மூடியோடு வெயிலில் ஐந்து நிமிடம் வையுங்கள். தாளைக் கழுவும்போது கறுப்புக் கோடு தெரிந்தால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது.