லாரி பக்கத்தில் வந்ததும் டிரெய்லர் கேமரா ஏன் உறைகிறது?

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் 24 அடி கேம்பிங் டிரெய்லரை இழுத்துச் செல்லும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிரெய்லரின் பின்சுவர் உச்சியில் வயர்லெஸ் கேமரா மாட்டியிருக்கிறேன். முகாமில் நிற்கும்போது படம் பளிச்சென்று வருகிறது. நெடுஞ்சாலையில் பக்கத்துத் தடத்தில் பெரிய லாரி ஒன்று வந்துவிட்டால் படம் அப்படியே உறைந்துவிடுகிறது. லாரி போனதும் தானாகச் சரியாகிறது. கேமரா பழுதா?"

கேமராவில் பழுது இல்லை. அதை எங்கே வைத்திருக்கிறீர்கள், அலை எந்த வழியாக உங்களிடம் வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் 2018 மே 1 முதல் தயாராகும் 10,000 பவுண்டுக்கு உட்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். பின்னால் இழுபடும் டிரெய்லருக்கு அந்த விதி இல்லை. டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிய நொடியில் பிக்கப்பின் கேமரா டிரெய்லரின் முன்சுவரை மட்டும்தான் பார்க்கும். அதனால்தான் தனியாக ஒன்று வேண்டியிருக்கிறது.

முதலில் மின்சாரத்தை முடித்துவிடுவோம். 80 அங்குலத்துக்கு மேல் அகலமான டிரெய்லரின் பின்சுவர் உச்சியில், நடுவில், மூன்று சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பல டிரெய்லர்களில் அந்த விளக்குகளின் அருகிலேயே கேமராவுக்கென்று ஒரு தாங்கியும் வயரும் தயாராக இருக்கும். அந்த வயர் அநேகமாக அதே விளக்குகளிலிருந்து கிளை பிரிந்தது. ஆகவே ஹெட்லைட் போட்டால்தான் கேமராவும் விழிக்கும். பகலில் படம் வரவில்லை என்று கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். எப்போதும் படம் வேண்டுமென்றால் டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து, 3 ஆம்பியர் ஃபியூஸும் ஒரு சுவிட்சும் வைத்து, தனி வயர் இழுப்பது நல்லது. வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். பிக்கப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முனை இணைப்பானில் எந்த நிறம் எதற்கு என்பது டிரெய்லருக்கு டிரெய்லர் மாறும். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

கேமரா இழுக்கும் மின்னோட்டம் சொற்பம், ஏறக்குறைய 0.3 ஆம்பியர். 18 கேஜ் வயரில் 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பினாலும் 0.13 வோல்ட்தான் குறையும். தொல்லை கொடுப்பது பொது எர்த். பழைய இழை பல்புகள் உள்ள டிரெய்லரில் எல்லா விளக்கும் சேர்ந்து 5 ஆம்பியர் வரை இழுக்கும். அது முழுவதும் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் முறுக்கிய ஒரு திருகின் வழியாகத் திரும்புகிறது. அந்தத் திருகில் துரு ஏறி அரை ஓம் மின்தடை உண்டாகிவிட்டால் 2.5 வோல்ட் அங்கேயே போய்விடும், கேமரா அணைந்து அணைந்து எரியும். விளக்கெல்லாம் அணைந்திருக்கும்போது அளந்தால் மீட்டர் 12.6 என்று சமர்த்தாகக் காட்டும். விளக்கு எரியும்போதுதான் அளக்க வேண்டும்.

பிரேக் மிதிக்கும்போதோ இண்டிகேட்டர் போடும்போதோ படம் போனால் கோளாறு மின்சாரத்தில். லாரி, பாலம், தகரக் கொட்டகை பக்கத்தில் வரும்போது போனால் கோளாறு அலையில். வாசகருடையது இரண்டாவது வகை.

இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் பேசுகின்றன. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் குடியிருக்கும் அதே தெரு. அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். இந்த அதிர்வெண்ணில் அலை அலுமினியத்துக்குள் ஒரு மைக்ரோமீட்டர், இரண்டு மைக்ரோமீட்டர் ஆழம்கூடப் போவதற்குள் தேய்ந்துவிடும். சமையலறை அலுமினியத் தாளே அதைப்போல் பல மடங்கு தடிமன். பின்சுவரில் உட்கார்ந்திருக்கும் கேமராவின் ஆன்டெனாவுக்கும் உங்கள் டாஷ்போர்டில் இருக்கும் திரைக்கும் நடுவே அலுமினியச் சட்டங்கள், குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குடித்தனமே இருக்கிறது. அலை நேராக வர வழியில்லை. கூரையைத் தடவிக்கொண்டும், தரையில் பட்டும், பக்கத்தில் இருப்பவற்றில் மோதித் தெறித்தும் வருகிறது.

ஒரே அலை இரண்டு பாதையில் வந்தால் என்ன ஆகும்? குளத்தில் இரண்டு கல் எறிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முகடும் முகடும் சந்தித்தால் உயரும், முகடும் அகடும் சந்தித்தால் தட்டையாகும். சாலையிலும் இதேதான். ஆன்டெனாவும் திரையும் 12 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்று வையுங்கள். சாலையோரம் 8 மீட்டர் தள்ளி ஒரு கிடங்கின் தகரச் சுவர். சுவரில் பட்டுத் திரும்பும் அலை பாதித் தூரத்தில், அதாவது 6 மீட்டரில், சுவரைத் தொடும். 6, 8, 10 என்று பள்ளியில் படித்த அதே செங்கோண முக்கோணம். போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர். கூரையைத் தடவி ஏறக்குறைய நேரே வந்த அலையைவிட 8 மீட்டர் சுற்றி வந்திருக்கிறது.

2437.5 மெகாஹெர்ட்ஸில் அந்த 8 மீட்டருக்குள் சரியாக 65 அலைகள் அடங்கும். முழு எண் என்பதால் முகடும் முகடும் சேர வேண்டும். ஆனால் செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவின் அலை செங்குத்தான உலோகச் சுவரில் பட்டால் தலைகீழாகித் திரும்பும். முகடு அகடாகிவிட்டது, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. இப்போது அதிர்வெண்ணை 2456.25க்கு மாற்றுங்கள். அதே 8 மீட்டரில் 65.5 அலைகள். அந்த அரை அலை ஒரு தலைகீழ், சுவர் தந்தது இன்னொரு தலைகீழ், இரண்டும் சேர்ந்தால் நேர். முகடும் முகடும் கைகோக்கின்றன. சுவர், வண்டி, ஆன்டெனா எதுவும் அசையவில்லை. 18.75 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நின்று பேசியதால் மட்டும் செத்த படம் உயிர் பெறுகிறது. இயற்பியலில் இதைவிட அழகான சலுகை குறைவு என்றே சொல்வேன்.

டிஜிட்டல் கேமரா இந்தச் சலுகையை ஓயாமல் பயன்படுத்துகிறது. ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் பட்டை முழுவதும் தாவிக்கொண்டே இருக்கும். புளூடூத்தின் அடிப்படை வடிவம் 79 அலைத் தடங்களில் நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. டிரெய்லர் கேமராக்கள் பலவற்றுக்கும் இதே உத்திதான். ஒரு தடத்தில் தொலைந்த துண்டு அடுத்த தடத்தில் மறுபடி அனுப்பப்படும்.

தாவும் இந்த எண்ணத்துக்கு 1942 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. பெற்றவர்கள் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும். டார்பிடோ என்னும் கடலடிக் குண்டுக்கான ரேடியோ கட்டளையை எதிரி குலைக்காமல் இருக்க, பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அதிர்வெண்கள், துளையிட்ட காகிதச் சுருள் சொல்லும் வரிசையில் தாவுவது. கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை. பொதுமக்கள் உரிமம் இல்லாமலே இந்த வகைத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் திறந்துவிட்டது 1985இல்தான். அதுவரை அந்தப் பட்டை தொழிற்சாலை உலைகளுக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் விடப்பட்ட புறம்போக்கு நிலம் மாதிரி கிடந்தது. அலைவரிசையை ஏலம் விட்டுக் காசாக்குவது மட்டுமே அரசின் வேலை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு துண்டு நிலத்தைப் பொதுவில் விட்டதால் விளைந்தவை வைஃபை, புளூடூத், இந்தக் கேமரா எல்லாம். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதற்குச் சமமான உதவி அது.

இப்போது லாரிக்கு வருவோம். சாலையில் ஒரு தடத்தின் அகலம் சுமார் 3.7 மீட்டர். பக்கத்து லாரியின் தகரப் பெட்டி உங்கள் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 2.5 மீட்டரில் இருக்கும். அதே கணக்கு: 6, 2.5, 6.5. லாரியில் பட்டு வரும் பாதை 13 மீட்டர், வித்தியாசம் 1 மீட்டர் மட்டுமே. வித்தியாசம் குறையக் குறைய, அலைகள் ஒன்றையொன்று அழிப்பதிலிருந்து ஒன்றுகூடுவதற்குப் போகத் தேவையான அதிர்வெண் தாவல் நீளும். இங்கே 150 மெகாஹெர்ட்ஸ் தாவ வேண்டும். மொத்தப் பட்டையே 83.5தான். அழிவு பட்டையின் நடுவில் விழுந்துவிட்டால் ஓரத் தடங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும், மற்றவை போயின. போதாததற்கு லாரியின் சுவர் பக்கத்திலும் பெரிதாகவும் இருப்பதால் திரும்பும் அலையின் பலம் நேரே வரும் அலைக்கு ஏறத்தாழ சமம். லாரி பக்கவாட்டில் 8 சென்டிமீட்டர் ஆடினாலே அழித்துக்கொண்டிருந்த அலைகள் ஒன்றுகூடிவிடும். படம் விட்டு விட்டு வருவது அதனால்தான்.

தீர்வும் இதே கணக்கில் இருக்கிறது. கேமராவைப் பின்னால் விட்டுவிட்டு, அலைபரப்பியை மட்டும் டிரெய்லரின் முன்சுவருக்குக் கொண்டு வாருங்கள். இரண்டும் தனித்தனியாக வரும் மாதிரிகள் கிடைக்கின்றன. திரைக்குத் தூரம் 5 மீட்டராகிவிடும், நடுவில் பிக்கப்பின் பின்கண்ணாடி மட்டும். லாரி வழியான பாதை 7.07 மீட்டர். நேரே வரும் அலை திரும்பும் அலையைவிடத் தெளிவாக வலுவானது என்பதால் முழுதாக அழிய முடியாது. லாரிச் சுவரைக் குறையில்லாத கண்ணாடி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், மோசமான கட்டத்திலும் மிஞ்சும் அலையின் வீச்சு 12 மீட்டரில் மிஞ்சுவதைப்போல் 9 மடங்கு, திறனில் 80 மடங்குக்கு மேல். டிரெய்லரின் உடம்பு இடையில் விழுங்கியதை இதில் சேர்க்கவில்லை. "சிக்னல் பூஸ்டர்" என்று விற்கும் ஒட்டுத்தாளால் இதில் ஒரு துளியும் ஆகாது. அதற்கு மின்சாரமும் இல்லை, போக வர வழியும் இல்லை.

அலைபரப்பியை நகர்த்தாமல் ஆன்டெனா கேபிளை மட்டும் நீட்டினால் என்ன என்று கேட்பீர்கள். மெல்லிய ஆர்.ஜி-58 கேபிள் இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் தின்னும். 7 மீட்டர் போனால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தடித்த எல்.எம்.ஆர்-400 மீட்டருக்கு 0.22தான் தின்னும், ஆனால் எளிதில் வளையாது, சுவருக்குள் நுழைப்பது சிரமம். கேமராவிலிருந்து அலைபரப்பிக்கு வரும் சாதாரண அனலாக் வீடியோ சில மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டுமே என்பதால் அதே 7 மீட்டரை அலட்டிக்கொள்ளாமல் கடக்கும். எனவே நீட்ட வேண்டியது வீடியோ கேபிளை.

ஆன்டெனா நீட்சி வாங்கும்போது மூக்குக்கு அருகில் வைத்து மையத்தைப் பாருங்கள். எஸ்.எம்.ஏ, ஆர்.பி-எஸ்.எம்.ஏ என்று இரண்டு வகை உண்டு. மரை ஒன்றே, ஒன்றில் மற்றொன்று ஒழுங்காக முறுக்கி உட்காரும். ஆனால் ஒன்றில் நடுவே ஊசி இருக்கும் இடத்தில் மற்றதில் குழி. மாறிப்போனால் குழிக்கு எதிரே குழி நின்றுவிடலாம், அப்போது எதுவும் எதையும் தொடாது. இறுக்கமாக இருக்கிறது, படம் மட்டும் இல்லை என்று நாள் முழுக்கத் தேடுவார்கள்.

திரையையும் அதன் ஆன்டெனாவையும் ஒட்டும் முன் நகர்த்திப் பாருங்கள். கேபினுக்குள் அலை நாலா பக்கமும் தெறிப்பதால் கூடுதலும் அழிவும் கால் அலைநீளத் தூரத்தில் மாறலாம். 3 சென்டிமீட்டர் தள்ளி வைப்பதே ஒரு கோடு சிக்னலை மூன்று கோடாக்கலாம்.

டிஜிட்டல் படம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். 0.2 நொடி தாமதம் என்றால், மணிக்கு 3 கிலோமீட்டரில் பின்னால் நகரும்போது திரை காட்டுவதைவிடப் பின்னால் இருக்கும் கல் 17 சென்டிமீட்டர் நெருங்கியிருக்கும். கேமராவைச் சாய்க்கும்போது பம்பரின் விளிம்பு படத்தின் அடியில் மெல்லியதாகத் தெரிய வேண்டும், தொடுவானம் மேல் கால்பகுதியில் வர வேண்டும். அப்போது ஒரே கோணம் ஓட்டவும் உதவும், நிறுத்தவும் உதவும். படம் கண்ணாடி பிம்பமாக இடவலம் மாறி வருகிறதா என்று ஒருவரைப் பின்னால் நின்று இடக்கையை ஆட்டச் சொல்லிச் சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாகத் துளை. தாங்கியின் பின்னால் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர் நாடாவை ஒட்டித் திருகை இறுக்கினால் நாடா ஓரத்தில் பிதுங்கும். பிதுங்கியதை வெட்டிவிட்டு, மேல் விளிம்பிலும் இரு பக்கத்திலும் வழியாத வகை சீலண்டைப் பூசி, அடியைத் திறந்தே விடுங்கள், உள்ளே போன நீர் வெளியேறட்டும். சிலிக்கோன் சீலண்ட் வேண்டாம். அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது. வயர் சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது. ஆண்டுக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி, சீலண்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். தோல்போல உரிந்து வந்தால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.