பின் தொங்கலா, பின்நீட்டமா?

'பின் தொங்கல்' என்ற சொல்லைப் போன வாரம் மூன்றாவது முறையாகக் கேட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பட்டறையில் பழைய வேன் ஒன்றை நீட்டி உணவு லோரியாக மாற்றிக்கொண்டிருக்கும் தம்பி, கையில் ஒரு தமிழ் விளக்கத்தாளோடு வந்தார். "அண்ணே, பின் தொங்கல் அதிகமா இருக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. அதான் மட்கார்டு ரப்பரைக் கழட்டிட்டேன்." தொங்கல் கூடாது என்றால் தொங்குவதைத்தானே கழற்றுவார்? அவர் மேல் தவறில்லை. வெல்டிங் வைத்துப் பின்னால் நீட்டிய கூண்டு மட்டும் அப்படியே நின்றது. தாள் சொல்ல வந்தது அந்தக் கூண்டைப் பற்றி.

மூலச்சொல் ஆங்கில ஓவர்ஹேங். கூரை சுவரைத் தாண்டி நிற்பதற்கும் அதே சொல்தான். வண்டியின் பின்பக்கத்தில் அதன் பொருள், பின் அச்சின் நடுவிலிருந்து வண்டியின் கடைசி முனைவரை உள்ள நீளம். பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு விதிகளின்படி, இரண்டு அச்சு மோட்டார் வண்டியில் இந்த நீளம் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆஸ்திரேலியாவில் 60 விழுக்காடு அல்லது 3.7 மீட்டர், எது குறைவோ அது. அச்சுகளுக்கு நடுவே 3 மீட்டர் இருந்தால் பின்னால் 1.8 மீட்டர்தான். கூடினால் என்ன? வளைவில் திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கம் வீசி, பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவரை அடிக்கும். பாரமும் பின்னால் சேர்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடி கொடுக்காது. நம் மலேசியாவிலும் ஜே.பி.ஜே. என்ற சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது. இதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட அளவு. அதற்குப் போய் இப்படி ஒரு சொல்லா?

தொங்கல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. மலாயில் இதை ஜுந்தாயான் என்கிறார்கள். எங்கள் ஊரின் பழைய பெயரே பத்தாங் பெர்ஜுந்தை, 2007இல்தான் பெஸ்தாரி ஜெயா ஆனது. ஜுந்தை என்றால் தொங்குவது என்று இங்கே தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். மொழிபெயர்த்தவர் மலாய்ச் சொல்லைப் பார்த்தார், தொங்கல் என்று எழுதினார், வண்டியைப் பார்க்கவே இல்லை.

"ஆங்கிலத்திலும் மலாயிலும் தொங்கல்தானே, தமிழில் மட்டும் ஏன் கூடாது?" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தமிழில் தொங்கல் என்றால் மேலே பிடிப்பு இருக்க வேண்டும், கீழே காற்றில் ஆட வேண்டும். தோரணத்துத் தொங்கல், காதுத் தொங்கட்டான், பழைய பாட்டுகளில் மாலைக்குப் பெயரான தொங்கல் எல்லாம் அப்படித்தான். முடியாத வேலையைக்கூடத் தொங்கலில் கிடக்கிறது என்கிறோம். லோரியின் பின்பகுதி எதிலிருந்து தொங்குகிறது? சட்டத்தோடு சட்டமாக நீண்டு நிற்கிறது. வண்டியில் உண்மையிலேயே தொங்குபவை மட்கார்டு ரப்பரும் புகைக்குழாயும்தான். அவற்றுக்கும் தொங்கல், இதற்கும் தொங்கல் என்றால் படிப்பவர் எதைக் கழற்றுவார்? இன்னொரு தாளில் 'மிகைத்தொங்கல்' என்றுகூடப் பார்த்தேன். அளவுக்குள் இருந்தாலும் மிகையா?

பட்டறைக்காரர்கள் 'வால்' என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல், திரும்பும்போது வீசுவதும் அதில் தெரிகிறது. ஆனால் முன் அச்சுக்கு முன்னால் இருப்பதும் ஓவர்ஹேங்தான், அதை வால் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நீட்டம் என்கிறேன்: முன்நீட்டம், பின்நீட்டம். புணர்ச்சிப்படி பின்னீட்டம் என்று எழுதலாம், ஆனால் பின்னல் நினைவுக்கு வந்துவிடும். பிரித்துத் தெரியட்டும். தம்பியிடம் "பின்நீட்டம் எவ்வளவு?" என்று கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. உடனே டேப்பை எடுத்துக்கொண்டு கூண்டின் பின்முனைக்குப் போனார்.

அதே தாளில் அச்சு என்று வர வேண்டிய நாலு இடத்திலும் 'அச்சாணி'. சக்கரம் கழலாமல் அச்சின் முனையில் செருகும் சிறு ஆணிதான் அச்சாணி. மாட்டுவண்டி ஓட்டிய எங்கள் தாத்தா அச்சை இருசு என்பார், ஆணியை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆணியிலிருந்து அளக்கச் சொல்லும் தாளை வைத்துக்கொண்டு யார் வண்டி கட்டுவது? நாலையும் அச்சு என்று திருத்தி, தொங்கலை நீட்டமாக்கி, தாளைப் போட்டவர்களுக்கே அனுப்பியிருக்கிறேன்.