எல்டர் என்றால் மூத்தது இல்லை

போன வாரம் மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடை. பக்கத்தில் நின்ற பாட்டி ஒரு சிரப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒட்டியிருந்த தாளில் தமிழில் 'மூத்தநெல்லிச் சாறு' என்று போட்டிருந்தது. "ஏம்பா, இது வயசானவங்களுக்குன்னே வர்றதா?" என்றார். "ஆமா பாட்டி, பேர்லயே இருக்கே" என்றான் கடைப்பையன்.

இந்த 'மூத்தநெல்லி'யை நான் பார்ப்பது இது நாலாவது தடவை. பாட்டிலில் இருந்தது எல்டர்பெர்ரி.

எல்டர் என்பது ஐரோப்பாவில் வேலியோரம் வளரும் ஒரு குறுமரத்தின் பெயர். பழைய ஆங்கிலத்தில் எல்லர்ன், எல்லன் என்று இருந்தது. நடுவில் ஒரு 'ட்' வந்து ஒட்டிக்கொண்டது. வயதில் மூத்தவரைக் குறிக்கும் எல்டர் வேறு வேரிலிருந்து வந்த சொல். 'மா' என்றால் குதிரையும்தான். அதற்காக மாமரத்தை யாராவது குதிரைமரம் என்று மொழிபெயர்த்தால் சும்மா இருப்போமா? தாவரவியலில் இதன் பெயர் சாம்புகஸ் நைக்ரா. நைக்ரா என்றால் கறுப்பு. அதிலும் மூப்பு கிடையாது.

'மூத்த' கூடப் போகட்டும். எனக்குப் பெரிய கோபம் 'நெல்லி' மேல்தான். புளூபெர்ரி அவுரிநெல்லி ஆனது, கிரான்பெர்ரி குருதிநெல்லி ஆனது. பெர்ரி என்று முடிந்தாலே நெல்லி என்று எழுதுகிற பழக்கம் வந்துவிட்டது. நம் நெல்லியை 'இந்திய கூஸ்பெர்ரி' என்று வெள்ளைக்காரர்கள் பிழையாக அழைத்தார்கள். அந்தப் பிழையைத்தான் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். நெல்லி என்றதும் தமிழ்க் கை என்ன செய்யும்? உப்பைத் தொட்டுப் பச்சையாகக் கடிக்கும், அப்புறம் தண்ணீர் குடித்து இனிக்கிறதா என்று பார்க்கும். எல்டர் பழத்தைப் பச்சையாகத் தின்றால் குமட்டலும் வாந்தியும் வரலாம். இலை, தண்டு, விதை, காய் எல்லாவற்றிலும் உடம்புக்குள் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பழத்தை வேகவைத்துத்தான் சாறு எடுப்பார்கள். அப்படிப்பட்டதற்கு நெல்லி என்று பெயர் வைப்பது வெறும் ரசனைக் குறைவு இல்லை, ஆபத்து.

செடியை ஒருமுறை படத்திலாவது உற்றுப் பார்த்திருந்தால் நெல்லி நினைவே வந்திருக்காது. இலைகள் எதிரெதிராக இருக்கும். ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள், ஓரம் அரம் போல. கசக்கினால் நாற்றம் அடிக்கும். பாலேடு நிறப் பூக்கள் தட்டையான கொத்தாகப் பூக்கும். பழம் மிளகைவிடச் சற்றே பெரிது, கருநீலக் கறுப்பு, சிவந்த காம்புகளில் கொத்தாகத் தொங்கும். கிளையை ஒடித்தால் உள்ளே மெத்தென்று வெள்ளையாகச் சோறு. ஆமாம், சோறுதான். கற்றாழைச் சோறு என்கிறோமே, அந்தச் சோறு. இவ்வளவு நல்ல சொல் வீட்டில் இருக்கும்போது அதை ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்து 'பித்' என்று எழுதுகிறார்கள். பெயரை விட்டுவைக்க வேண்டிய இடத்தில் மட்டும் மொழிபெயர்க்கிறார்கள்.

வளர்ப்புக் குறிப்புகளிலும் இதே கதை. 'குளிர்காலத்தில் வெட்டல்களை நடவும்' என்று ஒரு குறிப்பு. வெட்டலா? முருங்கைக்கு நாம் நடுவது போத்து. எல்டருக்கும் அதேதான்: இலை உதிர்ந்து செடி உறங்கும் குளிர்காலத்தில் பென்சில் பருமனில் ஒரு போத்தை வெட்டி, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி ஈரமான, நீர் தேங்காத இடத்தில் ஊன்ற வேண்டும். அந்த உறக்கத்துக்கு வேண்டிய குளிர் சென்னையில் இல்லை என்பது வேறு விஷயம்.

சரி, என்ன எழுதலாம்? கொய்யா, பப்பாளி, அன்னாசி மூன்றும் கடல் தாண்டி வந்த பெயர்கள்தான். ஒலியை வாங்கி நம் வாய்க்கு வளைத்துக்கொண்டோம்; தமிழ் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதேபோல மரம் எல்டர், பூ எல்டர் பூ, பழம் எல்டர் பழம். பாட்டில் தாளில் 'எல்டர் பழச்சாறு' என்று இருந்திருந்தால், அந்தப் பாட்டி "எல்டர்னா என்னப்பா?" என்று கேட்டிருப்பார்.