தகரக் கூரையில் ஒரு டிஷ்

சிங்கப்பூரின் சாங்கியில் படகேறினால் பத்து நிமிடத்தில் புலாவ் உபின் தீவு. பெருந்தீவின் மின்சாரம் அங்கே போவதில்லை. 2013-இல் படகுத்துறைப் பக்கம் சூரியத் தகடுகளோடு ஒரு சிறு மின்கட்டமைப்பு வந்தது. மற்ற கம்பத்து (கிராமத்து) வீடுகளில் டீசல் ஜெனரேட்டர்தான் ஓடுகிறது. அப்படியொரு வீட்டின் தகரக் கூரையில் செயற்கைக்கோள் இணைய டிஷ் வைத்தால், மத்தியான வெயிலை அது தாங்குமா?

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் டிஷ் 50 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் என்று கணக்கு. சிங்கப்பூரில் பதிவான உச்சமே 37 டிகிரிதான்: 1983-இல் தெங்காவில், 2023 மே மாதம் அங் மோ கியோவில். ஆனால் வானிலைக்காரர்கள் அதை நிழலில் அளக்கிறார்கள். டிஷ்ஷோ வானத்தைப் பார்த்தே கிடக்க வேண்டிய பிறவி.

அதன் நீளம் சுமார் 60 செ.மீ., அகலம் 38 செ.மீ. உச்சிவெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் என்றால், டிஷ்மேல் விழுவது 230 வாட். வெள்ளை நிறம் முக்காலைத் திருப்பி அனுப்பினாலும் 57 வாட் உள்ளே இறங்கும். அதோடு சொந்தச் சூடு வேறு. மணிக்கு 27,000 கி.மீ. வேகத்தில் ஓடும் செயற்கைக்கோளை, தட்டு அசையாமலே நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்கள் பின்தொடர்கின்றன. அதற்கு இழுக்கும் 75 முதல் 100 வாட் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகிவிடும்.

இத்தனையும் பெரும்பாலும் முதுகு வழியாகத்தான் வெளியேற வேண்டும். முதுகுக்குக் கீழே 60 டிகிரியில் கொதிக்கும் தகரம் இருந்தால் எப்படி வெளியேறும்? ஒரு மீட்டர் உயரக் கம்பத்தில் தூக்கி வையுங்கள். கடற்காற்று அடியில் புகுந்து மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

2021-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒருவர், சூட்டில் நின்றுபோன டிஷ்மேல் தண்ணீர் பீய்ச்சி உயிர்ப்பித்தார். அது பாலைவனம், தண்ணீர் சட்டென்று ஆவியாகும். வியர்வையே காயாத நம்மூரில் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. டிஷ்மேல் தேங்கும் நீர்ப்படலம் சிக்னலையும் விழுங்கும்.

பனி உருக்கும் வசதி ஒன்று இதில் உண்டு. செயலியில் அதை அணைத்துவிடுங்கள். உபினில் பனி பெய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்.

டிஷ்ஷை மின்கலத்தில் ஓட்டினால், கீழே இருக்கும் மின்கலப் பெட்டியும் ஒரு குட்டி அடுப்புதான். நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மாறுமின்னோட்டமாக்க, டிஷ்ஷின் அடாப்டர் மறுபடி நேர்மின்னோட்டமாக்குகிறது. இரண்டு இடத்திலும் மின்சாரம் வீணாகிச் சூடாகிறது. பொருத்தமான டிசி (நேர்மின்னோட்ட) மாற்றி கிடைத்தால் இன்வெர்ட்டரே வேண்டாம். பெட்டிக்குக் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை. சூடான காற்று தானே ஏறிப் போய்விடும். இரண்டிலும் வலை அடிக்க மறக்காதீர்கள், பல்லிகளுக்கு அந்த வெதுவெதுப்பு ரொம்பப் பிடிக்கும்.