கொதிக்கும் நீருக்குள்ளும் ஹீட்டர் எரிந்துபோகும்

நீருக்குள் ஒரு பரப்பைச் சூடாக்கி, கொதிக்கும்போது அது எவ்வளவு வெப்பத்தை நீருக்குத் தருகிறது என்று அளக்கும் கொதிநிலைச் சோதனைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு நம்பிக்கையை அடிக்கடி பார்க்கிறேன். சுற்றிலும் நூறு டிகிரி நீர் இருக்கும்போது உள்ளே இருக்கும் உலோகத்துக்கு என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். உருகிப்போகும். ஜப்பானின் ஷிரோ நுகியாமா 1934-இல் வெளியிட்ட ஆய்விலேயே இது இருக்கிறது. நீருக்குள் மின்சாரத்தால் சூடாக்கிய நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பி ஒரு கட்டத்தில் திடீரென்று உருகி அறுந்தது. உருகுநிலை இன்னும் அதிகமான பிளாட்டினக் கம்பியை வைத்துத்தான் அதற்கப்புறம் நடப்பதை அவர் அளந்தார்.

சாதாரண அழுத்தத்தில், பரப்பின் வெப்பநிலை கொதிநிலையைவிட சுமார் 30 டிகிரி கூடும்போது, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 மெகாவாட் வெப்பத்தை நீர் எடுத்துக்கொள்ளும். கிரிட்டிக்கல் ஹீட் ஃப்ளக்ஸ் என்று நாங்கள் சொல்வது இந்த எல்லையைத்தான். இதைத் தாண்டினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நீர் பரப்புக்குத் திரும்பி வரவே வழியில்லாமல் நீராவிப் படலமாக மூடிவிடும். நீராவி வெப்பத்தைக் கடத்தும் திறன் நீரில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹீட்டரோ அதே வாட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவையும் படலத்தின் வழியே வெளியேற்ற, பரப்பு ஆயிரம் டிகிரி அளவுக்கு ஏற வேண்டியிருக்கும். அணு உலை எரிபொருள் கோல்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் அவற்றை இந்த எல்லைக்குப் போதிய இடைவெளி விட்டே இயக்குகிறார்கள்.

எல்லை நெருங்குவது கண்ணுக்குத் தெரியும் என்று நம்பி இருக்காதீர்கள். மின்திறனை ஒரு படி கூட்டினால் தெர்மோகப்பிள் (உலோகத்துக்குள் செருகும் வெப்பநிலை உணரி) அளவீடு கொஞ்சம் ஏறி நிலைத்துவிடும். அடுத்த படியிலும் அப்படித்தான். பிறகு ஒரு படியில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். தடித்த செம்புக் கட்டை என்றால் சில நொடி அவகாசம் கிடைக்கலாம், மெல்லிய கம்பியில் அதுவும் கிடையாது. வெப்பநிலை வரம்பு மீறினால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே இல்லாமல் சோதனையைத் தொடங்கவே கூடாது. சுவிட்சில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

பாதுகாப்பு சரி, எண்களுக்கு வருவோம். செம்புக்குள் சதுர மீட்டருக்கு 1 மெகாவாட் பாயும்போது ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 2.5 டிகிரி வித்தியாசம் இருக்கும். தெர்மோகப்பிளைச் செருகும் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால், பரப்புக்கும் கொதிநிலைக்கும் உள்ள வித்தியாசம் 25 டிகிரி என்று கணக்கிட வேண்டிய இடத்தில் பத்து சதவீதம் பிழை. எல்லைக்கு முன், குமிழிகளாகக் கொதிக்கும் கட்டத்தில் வெப்பப் பாய்வு தோராயமாக இந்த வெப்பநிலை வித்தியாசத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுவதால், அந்தப் பத்து, வடிவமைப்பில் முப்பது சதவீதமாக வந்து நிற்கும். துளையின் ஆழத்தை வரைபடத்திலிருந்து எடுத்து எழுதாமல், துளையிட்ட பிறகு அளந்து எழுதுங்கள்.

நீரில் கரைந்த காற்றும் ஏமாற்றும். கொதி தொடங்கும் முன்பே அது குமிழியாக வெளிவரும். அதனால் ஒன்றிரண்டு மணிநேரம் நன்றாகக் கொதிக்கவிட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் அளவெடுக்க வேண்டும்.

பரப்பின் கதை இதைவிடப் பெரியது. மெருகேற்றிய செம்பும் உப்புத்தாள் தேய்த்த செம்பும் ஒரே வளைவைத் (வெப்பநிலை வித்தியாசத்துக்கு எதிராக வெப்பப் பாய்வைக் காட்டும் வரைகோடு) தருவதில்லை, ஆக்சைடு படிந்தால் அதுவும் மாறும். நானோ துகள் கலந்த நீர் கிரிட்டிக்கல் ஹீட் ஃப்ளக்ஸ் எல்லையைப் பெரிதாக உயர்த்துகிறது என்று ஆய்வுகள் வந்தபோது திரவத்தின் மீதுதான் எல்லோர் கவனமும் இருந்தது. ஹீட்டரில் படிந்த துகள்கள் பரப்பை நீர் நன்றாக நனைக்கும்படி மாற்றியதே முக்கியக் காரணம் என்பது பிறகு தெளிவானது.

ஆகவே ஓர் ஆய்வுக் கட்டுரையின் எண்ணை உங்கள் வடிவமைப்பில் போடும் முன், அழுத்தம் என்ன, பரப்பு எப்படித் தயாரானது, அது மேல்நோக்கி இருந்ததா கீழ்நோக்கியா என்று பாருங்கள். காணொளி இருந்தால் கட்டையின் விளிம்பையும் கவனியுங்கள். விளிம்பை அடைத்த பசையின் இடுக்கிலிருந்து குமிழிகள் முதலில் கிளம்பினால், அந்த வளைவின் தொடக்கப் பகுதியை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.