மணிக்கயிறு பிள்ளைக்கு எட்டுமா?

திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். கிழமை நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உளவளத்துணை வழங்குவது என் தொழில். இரண்டும் வேறு வேறு வேலை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது சிங்கமும் முயலும் கதை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாளுக்கு ஒருவராக நாங்களே வருகிறோம், நீ வேட்டையாட வேண்டாம் என்று காட்டு மிருகங்கள் சிங்கத்தோடு உடன்படிக்கை செய்கின்றன. முயலின் முறை வருகிறது. அது வேண்டுமென்றே பிந்திப் போய், வழியில் வேறொரு சிங்கம் மறித்தது என்று சொல்லிக் கிணற்றடிக்குக் கூட்டிப் போகிறது. சிங்கம் தன் நிழலைப் பார்த்துக் கிணற்றுக்குள் பாய்கிறது. 'பலத்தை விடப் புத்தி பெரிது' என்று முடிப்போம். நானும் அப்படித்தான் முடிப்பேன்.

ஒரு சனிக்கிழமை எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், முயலுக்கு முதல் போனது ஆர்?"

எனக்கு மறுமொழி வரவில்லை. மான் போயிருக்கும், பன்றி போயிருக்கும். அவற்றின் பாட்டைப் பற்றிக் கதையில் ஒரு வரியும் இல்லை. சரி, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு யார் போவது என்று தீர்மானித்தது யார்? யானை ஒரு நாளாவது போனதா? பெரிய மிருகங்கள் சேர்ந்து சின்னவர்களைத்தான் முதலில் அனுப்பியிருக்கும் என்றாள் ஒருத்தி. அந்த வாசிகசாலைக்கு வருபவர்களில் பாதிப் பேர் கரைவலை இழுக்கிற வீட்டுப் பிள்ளைகள். வலைக்காரருக்கு எவ்வளவு, கயிறு பிடித்தவர்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதைக் கரையில் நின்று பார்த்தே வளர்ந்தவர்கள். அதிகாரம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "எல்லாரும் சேர்ந்து போயிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்" என்றான் பின்வரிசையில் இருந்த ஒருவன்.

அதே மாதத்தில்தான் தரம் 5 படிக்கும் ஒரு பையன் என்னிடம் வந்தான். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) மேல்வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர் அவனுடைய இடைவேளைக் காசை மாதக் கணக்காகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கையில் இருந்த அடிமட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "நானே ஒரு உபாயம் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். ஒண்டும் வரேல்ல. எனக்கு மூளை இல்லை போல" என்றான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எளியவன் புத்தியால் வெல்லும் கதைகள் பிள்ளைக்குத் தைரியம் தருகின்றன, அவற்றை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை வேறொன்றையும் சேர்த்துப் படிக்கிறது. சிங்கம் என்றால் தின்னத்தான் செய்யும், தப்புவது என் பொறுப்பு, தப்ப முடியாவிட்டால் குற்றம் என்னில். அடிபட்ட, காசு பறிகொடுத்த, தொடக்கூடாத விதத்தில் தொடப்பட்ட பிள்ளைகளின் வாயிலிருந்து 'என்னிலதான் பிழை' என்ற வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது ஒரே நாளில் வந்த எண்ணம் அல்ல.

அதனால் இப்போது முயல் கதைக்குப் பின்னால் எல்லாளன் கதையைக் கட்டாயம் சொல்கிறேன். அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட அந்தத் தமிழ் மன்னன், படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி, நீதி கேட்டு வருபவர் இழுப்பதற்கு நீண்ட கயிறும் விட்டிருந்தான் என்கிறது மகாவம்சம். இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு வந்து இழுக்கிறது, அரசன் தன் மகனையே கொல்விக்கிறான். குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவையும் இழுக்கிறது. காயப்போட்ட அரிசி காலம் தப்பிய மழையில் நனைந்துபோன கிழவியும் வருகிறாள். மழைக்காக அரசனிடம் முறையிடலாமா என்று பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். அரசன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை, உண்ணாமல் கிடக்கிறான். இதே கதையைச் சிங்களப் பிள்ளைகளும் 'எளார' என்று கேட்டு வளர்கிறார்கள். மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும் இடத்தில் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

இதிலும் பிள்ளைகள் ஓரிடத்தில் நிறுத்துவார்கள். தேர்க்காலில் கன்று விழுந்தது இளவரசனுக்குத் தெரியாமல் நடந்தது. அவனைக் கொல்லத்தான் வேண்டுமா? அவனிடம் யாராவது கேட்டார்களா? சேக்கிழார் பாடிய மனுநீதிச் சோழன் கதையில் சிவபெருமான் எல்லோரையும் எழுப்பித் தருகிறார், மகாவம்சத்தில் மகன் எழவில்லை. இந்தக் கேள்வியை நான் மூடி மறைப்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவனையும் கேட்க வேண்டும் என்று பத்து வயதில் ஒரு பிள்ளைக்குத் தோன்றுவதை விடப் பெரிய நீதிப் பாடம் எனக்குத் தெரியாது.

அந்தப் பையனுக்கும் இதே கதையைச் சொன்னேன். கேட்டு முடிந்ததும், "எங்கட பள்ளிக்கூடத்தில மணி எங்க இருக்கு ரீச்சர்?" என்றான். முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. காரியாலய வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், அவன் தலைக்கு மேலே. பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. நானும் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். அதிபரிடம் பேசினோம். பெட்டி இப்போது பாடசாலையின் வாசிகசாலைச் சுவரில், தரம் 1 பிள்ளைக்கும் கையெட்டும் உயரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து திறக்கிறார்கள். காசு பறித்த இரண்டு மாணவர்களையும் கூப்பிட்டுத் தனித்தனியே கேட்டோம். அதில் ஒருவனுடைய காசை இன்னும் மூத்தவன் ஒருவன் பறித்துக்கொண்டிருந்தான்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் சொல்வது இதுதான். இரவில் கதை முடிந்ததும் நீதியை உடனே சொல்லிவிடாதீர்கள். பாட்டி வடை சுட்ட கதையிலேயே தொடங்கலாம். காகம் ஏமாந்தது, நரி ஏமாற்றியது என்று பேசுவோம், வடையைப் பறிகொடுத்த பாட்டியை யாரும் கேட்பதில்லை. அவள் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்லும் மறுமொழியில், தனக்கு ஒன்று நடந்தால் யாரிடம் போகும் என்பதும் இருக்கும். 'ஒருத்தரிட்டயும் போகேலாது' என்று சொன்னால் கதையை அங்கேயே வைத்துவிட்டுப் பிள்ளையோடு பேசுங்கள்.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆவது உறுப்புரை, பிள்ளை தன்னைப் பாதிக்கும் விடயத்தில் கருத்துச் சொல்லவும் அது மதிக்கப்படவும் உரிமை உண்டு என்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம். வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகள் அந்த நாலு இலக்கத்தையும் எல்லாளனின் மணிக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி, கயிற்றைத் தரை வரைக்கும் நீட்டி வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.