போர்: கிணற்றிலும் எஞ்சினிலும்

திருச்செங்கோட்டுப் பக்கம் "போர் போட்டாச்சுங்களா?" என்று கேட்டால், தோட்டத்தில் ரிக் வண்டி வந்து துளை போட்டதா என்று பொருள். கோவையில் லேத் பட்டறை வாசலில் அதே கேள்வி எஞ்சின் சிலிண்டரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையைப் பற்றியது. இரண்டும் 'bore' என்ற ஒரே ஆங்கிலச் சொல்தான். களத்து வைக்கோல் போருக்கும் சண்டைப் போருக்கும் இதனோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவை நம் சொற்கள்.

பழைய ஆங்கிலத்தில் 'போரியன்' என்றால் துளையிடுதல். வினையாக இருந்தது பிறகு துளைக்கும், அப்புறம் அதன் விட்டத்துக்கும் பெயரானது. பீரங்கிக் குழாய் துளைக்க ஜான் வில்கின்சன் 1774இல் காப்புரிமை பெற்றார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்குத் துல்லியமான சிலிண்டர்களைக் கடைந்து கொடுத்தவரும் அவரே.

கார் எஞ்சினில் போர் என்பது சிலிண்டரின் உள்விட்டம். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் ஸ்ட்ரோக், தமிழில் வீச்சு. இந்த இரண்டும் சிலிண்டர் எண்ணிக்கையும் தெரிந்தால் சிசி (எஞ்சினின் கொள்ளளவு, கன சென்டிமீட்டரில்) கணக்கு வந்துவிடும். பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குப் போர் 73.025 மி.மீ. ஸ்விஃப்டில் வந்த 1197 சிசி கே12எம் எஞ்சினுக்கு 73 மி.மீ. இரண்டுமே நாலு சிலிண்டர், போரும் ஏறத்தாழ ஒன்றே! வேறுபாடு வீச்சில்தான்: அதற்கு 88.9, இதற்கு 71.5.

போர் தேய்வதும் ஒரே சீராக இருப்பதில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களில் மேல் ரிங் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிந்து, சூடும் அழுத்தமும் கூடுவதால் அங்கேதான் அதிகம் தேயும். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துவதால் வட்டம் முட்டை வடிவமாகும். ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் புழுதியில் ஓட்டினால் தேய்மானம் சீக்கிரமே வந்துவிடும். நீலப் புகை, ஆயில் குறைதல், இழுவை குறைதல் எல்லாம் இதன் அடையாளங்கள். ஆனால் புகையைப் பார்த்ததுமே எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்; வால்வு சீல் (வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுப்பது) போனாலும் நீலப் புகைதான் வரும். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங்கையோ போரையோ சந்தேகிக்கலாம். ஏறாவிட்டால் வால்வு, ஹெட் கேஸ்கட் (சிலிண்டரின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) பக்கம் போகலாம்.

போர் தேய்ந்தது உறுதியானால், பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) இடம் கொடுக்கும் வரை அதைக் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள்; இதுதான் ரீபோர். 73 மி.மீ. போரை 73.5 ஆக்கினால் மேலே சொன்ன 1197 சிசி, சுமார் 1213 சிசி ஆகிவிடும். கடைந்தபின் ஹோனிங் செய்து, அதாவது உராய்வுக் கல்லால் தேய்த்து, குறுக்கு மறுக்காகக் கோடு போடுவதும் முக்கியம். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கிணற்றுக்கு 'ஆழ்துளைக் கிணறு' நிலைத்துவிட்டது. எஞ்சினுக்கும் வெறும் 'துளை' என்றால், எந்தத் துளை என்று மெக்கானிக் திருப்பிக் கேட்பார். ஆயில் போகவும் தண்ணீர் போகவும் பிளாக்கில் ஏகப்பட்ட துளைகள் உண்டு. அளவுக்கு 'உள்விட்டம்' பொருந்தும். ரீபோர் வேலைக்கு 'மறுகடைசல்' என்பது என் தேர்வு. லேத்தைக் கடைசல் இயந்திரம் என்று சொல்லும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.